குலோப் ஜாமூன் மாத்திரை

அத்தைக்கு இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அழைத்து வந்த மூன்றாம் நாள். கூடத்தில் தையல் மெஷினின் பலகைமேல் மாத்திரை அட்டைகளை வரிசையாகப் பரப்பிக்கொண்டு, எது எதற்கு என்று எனக்கு ஒப்பித்துக்கொண்டிருந்தார். "இது பிரஷருக்கு, காலையில ஒண்ணு. இது கொழுப்புக்கு. இது ஆஸ்பிரின், வெறும் வயித்துல போடக் கூடாது. இந்தா, ரோஸ் கலர்ல இருக்கு பாரு, இதுதான் குலோப் ஜாமூன் மாத்திரை. ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் ஒண்ணு. இதை மட்டும் ஒருநாள்கூட விடவே கூடாதாம். விட்டா உள்ள வச்சிருக்கற ஸ்டன்ட்டு அடைச்சுக்கும்னு டாக்டர் சொன்னாரு."

அட்டையில் இருந்த பெயர் க்ளோபிடோக்ரெல். நான் போனை எடுத்து, "இன்னொரு தடவை சொல்லுங்க அத்தை" என்றேன். நான் படம் பிடிக்கிறேன் என்று அவருக்குத் தெரியும். பாடம் கேட்கும் பிள்ளைக்குச் சொல்வதுபோல, இன்னும் நிதானமாக, அட்டையைத் தூக்கிக் காட்டிச் சொன்னார். முப்பத்து நான்கு விநாடி. அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். மேலே 'நம்ம வீட்டு மிசஸ் மாலப்ராப்' என்று ஒரு வரி. சொற்களை மாற்றிச் சொல்லிச் சிரிக்க வைக்கும் ஓர் ஆங்கில நாடகப் பாத்திரத்தின் பெயர் அது. சாயங்காலத்துக்குள் திருப்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் சிரிப்புப் பொம்மைகள் வந்து விழுந்தன. தீபாவளிக்கு வந்த பேரப்பிள்ளைகள் 'குலோப் ஜாமூன் பாட்டி' என்றே கூப்பிட்டார்கள். அத்தையும் கூடச் சேர்ந்து சிரித்தார். சிரித்தார் என்பதைத்தான் நான் அப்போது பார்த்தேன்.

அந்த முப்பத்து நான்கு விநாடி இரண்டு வருடமாக எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. எழுதிவிட்டால் கொஞ்சம் அடங்குமோ என்று பார்க்கிறேன்.

என் நோட்டுப் புத்தகம்

கும்பகோணத்தில் ஓர் அச்சகத்தில் பத்தொன்பது வருடமாக புரூஃப் பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், கும்பாபிஷேக நோட்டீஸ், பழைய மாணவர் சந்திப்புக்கான பேனர், எல்லாம் என் கையைத் தாண்டித்தான் மெஷினுக்குப் போகும். கண்ணில் பட்ட பிழைகளை ஒரு நோட்டில் எழுதி வைக்கும் பழக்கம் முதல் மாதமே வந்துவிட்டது. 'முன்னால் மாணவர்கள்' என்று எழுதி வந்த பேனர்கள் எத்தனை என்று எண்ணுவதை நிறுத்திவிட்டேன். 'மீன் குளம்பு' எழுதாத மெனு கார்டு அபூர்வம். மீனுக்கு ஏது குளம்பு? 'இரைவனடி சேர்ந்தார்' என்று ஒரு போஸ்டர் வந்தது. அந்த வல்லின றகரம் இல்லாமல் போனதால் இறைவன் இரை தேடுகிறவன் ஆகிவிட்டான். எனக்கு மிகவும் பிடித்தது 'புதுமணை புகுவிழா'. மனை வீடு, மணை உட்காரும் பலகை. ஒரு குடும்பமே நல்ல நேரம் பார்த்து, மாவிலை கட்டி, ஒரு பலகைக்குள் புகுவதை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

ஒரு தடவை கல்யாணப் பத்திரிகையில் 'மனமகள்' என்று இருந்ததைத் திருத்திவிட்டு, பெண்ணின் அப்பாவிடம் காட்டினேன். பெரிய சுழி, சின்னச் சுழி வேறுபாட்டைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "மனசுக்குப் பிடிச்ச மகதானே தம்பி, அப்படியே இருந்தாலும் சரிதான்" என்றார். திருத்தித்தான் அச்சடித்தோம். ஆனாலும் அந்தப் பதிலையும் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன்.

இந்தப் பிழைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் படித்த பெயரே போதும்: மயங்கொலி. ழகரம் சென்னைப் பக்கம் யகரமாகவும் மதுரைக்குத் தெற்கே ளகரமாகவும் போய்விட்டது. ரகரமும் றகரமும் நாஞ்சில் நாட்டைத் தாண்டினால் பெரும்பாலோர் வாயில் ஒன்றுதான். ஒருவர் 'மீன் குளம்பு' என்று பேசினால் யாருக்கும் ஆட்டின் கால் நினைவுக்கு வராது. எழுதும்போதுதான் குளம்பு எட்டிப் பார்க்கும். நாக்கு விட்டுக்கொடுத்ததைக் கை நினைவில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. சில நேரம் கை மறந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

அத்தையுடையது வேறு வகை. காதில் ஓர் அந்நியச் சொல் விழுகிறது. அதை வைக்க உள்ளே இடம் இல்லை. ஏற்கெனவே உள்ளே இருக்கும் சொற்களில் எது அதன் சாயலில் இருக்கிறதோ அது எழுந்து வந்து கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போகிறது. ஆஞ்சியோ செய்ததை அத்தை "மணிக்கட்டுல ஊசி போட்டு ஆஞ்சநேயா பண்ணாங்க" என்றுதான் சொல்வார். ஸ்டென்ட்டை ஸ்டன்ட் என்பது அத்தை மட்டுமில்லை, அந்த வார்டில் படுத்திருந்த பாதிப் பேர் அப்படித்தான் சொன்னார்கள். க்ளோபி என்று தொடங்கும் ஒலிக்கு நம் ஊரில் இருக்கும் ஒரே உறவு குலோப்தான். அத்தை வேறு எங்கே போவார்?

அவர் நாற்பது வருடமாகத் தையல்காரர். 'எம்மிங்' பண்ணுவார், புடவைக்கு 'ஃபால்ஸ்' வைப்பார். ஃபாலுக்கு அந்தக் கடைசி ஸ் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. தமிழ்நாட்டில் எந்தத் தையல் கடையிலும் அதுதான் சொல். ஒருவர் சொன்னால் பிழை, ஊரே சொன்னால் சொல். போர்த்துக்கீசியரிடம் நாம் காதால் வாங்கிய ஜன்னலும் அலமாரியும் சாவியும் மேசையும் இன்று நம் வீட்டுச் சாமான்கள். ஆங்கிலேயரின் கம்பெனி நம் வாயில் கும்பினி ஆனது. கும்பலின் சாடை அதில் கேட்கிறது என்று எனக்கு எப்போதும் தோன்றும். நம் இலக்கணமே இதில் பெருந்தன்மையாக இருந்திருக்கிறது. தஞ்சாவூர் தஞ்சை ஆனதுபோலச் சிதைந்து வழங்குவதை மரூஉ என்று பெயரிட்டு, இயல்பு வழக்கின் மூன்று வகைகளில் ஒன்றாக உட்கார வைத்தவர் நன்னூலார். பிழை என்று அவர் தள்ளவில்லை.

ஒலி ஒத்துப்போவதில் நமக்கு இருக்கும் மோகமும் சாதாரணமானதா? பாம்புக்கும் எள்ளுக்கும் சிலேடை பாடிய காளமேகப் புலவர் 'பாரில் பிண்ணாக்கும் உண்டாம்' என்கிறார். எள்ளை ஆட்டினால் பிண்ணாக்கு மிஞ்சும். பாம்புக்கு? பிள் நாக்கு, பிளந்த நாக்கு. செக்கடியில் கிடக்கும் ஒரு சொல்லைக் காதருகே கொண்டுபோய், அதற்குள் ஒரு பாம்பு நாக்கை நீட்டுவதைக் கேட்ட காது அது. அதைக் கேட்டு ஐந்நூறு வருடமாகத் தலையாட்டிக்கொண்டிருக்கிறோம். க்ளோபிடோக்ரெலுக்குள் குலோப் ஜாமூனைக் கேட்ட காதும் ஏறக்குறைய அந்த வேலையைத்தான் செய்கிறது. புலவர் தெரிந்து செய்தார், அத்தை தெரியாமல் செய்தார். அந்த ஒரு வித்தியாசத்துக்காக ஒருவருக்குப் பாராட்டும் மற்றவருக்குச் சிரிப்பும் போய்ச் சேர்கின்றன.

யார் காது, யார் சிரிப்பு

சென்னையில் பக்கிங்ஹாம் கால்வாய்மேல் ஒரு பாலம். ஹாமில்டன் என்ற வெள்ளைக்காரர் பெயரில் கட்டப்பட்டது என்று சென்னை வரலாறு எழுதுகிறவர்கள் சொல்வார்கள். ஹாமில்டன் ஜனங்கள் வாயில் ஆமிட்டனாகி, அப்புறம் தெரிந்த சொல் ஒன்றில் போய் ஒட்டிக்கொண்டு அம்பட்டன் வாராவதி ஆயிற்று. அடுத்து நடந்ததுதான் எனக்கு முக்கியம். அந்தத் தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் பெயர்த்து 'பார்பர்ஸ் பிரிட்ஜ்' ஆக்கினார்கள். ஹாமில்டன் தன் சொந்த மொழிக்கே திரும்பி வந்தபோது அவர் கையில் சவரக் கத்தி இருந்தது. இப்போது அந்தப் பாலம் அம்பேத்கர் பெயரில் இருக்கிறது. இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் ஜனங்கள் ஹாமில்டனைத் தப்பாகக் கேட்டார்கள் என்று சிரிக்கிறோம். அதை அப்படியே பெயர்த்தவர்களின் காதைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

அந்தப் பக்கத்துக் காது எப்படி இருந்தது என்பதற்கு ஒரு பெரிய புத்தகமே சாட்சி. 1886இல் லண்டனில் வெளிவந்த, ஆங்கிலோ இந்தியச் சொற்களின் அகராதி. தொகுத்தவர்கள் ஹென்றி யூல், ஏ.சி. பர்னல். பர்னல் நமக்கு அந்நியர் இல்லை. தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், அரண்மனை நூலகத்தின் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்தவர். அகராதி அச்சாவதற்கு நான்கு வருடம் முன்பே, 1882இல் இறந்துவிட்டார். அந்த அகராதியின் தலைப்பு 'ஹாப்சன் ஜாப்சன்'. அது இரண்டு மனிதர்களின் பெயர் இல்லை. முஹர்ரம் ஊர்வலத்தில் மார்பில் அடித்துக்கொண்டு 'யா ஹசன், யா ஹுசைன்' என்று கதறுகிறார்களே, அந்தக் குரல் பிரிட்டிஷ் சிப்பாய்களின் காதில் ஹாப்சன் ஜாப்சன் என்று விழுந்தது. ஒரு துக்கத்தின் கூக்குரலைத் தப்பாகக் கேட்டதே ஓர் அறிவுநூலுக்குத் தலைப்பாகி, பிறகு இப்படிச் சொல் திரிவதற்கே மொழியியலில் ஒரு பெயராகவும் நின்றது. உள்ளே புரட்டினால் வங்காள நவாப் சிராஜுத் தௌலாவை 'சர் ரோஜர் டௌலர்' ஆக்கிய சங்கதியும் கிடைக்கும். நம் பக்கத்துத் தரங்கம்பாடி டிராங்கிபார் ஆனதும், தூத்துக்குடி டூட்டிகோரின் ஆனதும் இதுபோன்ற ஐரோப்பியக் காதுகளின் வேலைதான். அவை வரைபடத்தில் ஏறின, பத்திரங்களில் ஏறின, ரயில் டிக்கெட்டில் ஏறின. அவற்றைச் சொன்னவர்களை யாரும் குலோப் ஜாமூன் துரை என்று கூப்பிடவில்லை.

மிசஸ் மாலப்ராப் என்று நான் அத்தைக்கு வைத்த பெயர் கல்லூரியில் ஆங்கில வகுப்பில் கிடைத்தது. ரிச்சர்ட் பிரின்ஸ்லி ஷெரிடன் இருபத்து மூன்று வயதில் எழுதி, 1775 ஜனவரி 17 அன்று லண்டனில் மேடையேறிய நாடகம். முதல் நாள் எடுபடவில்லை. திரும்ப எடுத்துக்கொண்டுபோய்த் திருத்தி, பதினோரு நாள் கழித்து மறுபடி போட்டார். அதிலிருந்து இன்றுவரை அது ஓயவில்லை. அதில் வரும் அந்த அம்மாள் நைல் நதிக்கரை அலிகேட்டரைப்போல அடங்காத பெண் என்று சொல்ல நினைத்து, 'அலிகரி' என்றுவிடுவார். முதலை நழுவி, உருவகக் கதை கரையில் படுத்திருக்கும். வகுப்பில் அதற்கு அப்படிச் சிரித்தோம். 'பொருந்தாத' என்று பொருள்படும் பிரெஞ்சுத் தொடரிலிருந்து அந்தப் பாத்திரத்துக்குப் பெயர் வைத்தார் ஷெரிடன். பாத்திரத்தின் பெயரிலிருந்து இந்தப் பிழைக்கே ஆங்கிலத்தில் பெயர் வந்தது.

அந்தச் சிரிப்பின் அடியில் என்ன இருக்கிறது என்று வகுப்பில் யாரும் கேட்கவில்லை. கொஞ்சம் வயதான ஒரு பெண். படித்தவர்களைப்போலப் பேச ஆசை. அந்தச் சொற்களை முறையாகச் சொல்லித் தர அவருக்கு ஒருவரும் இருந்திருக்க மாட்டார்கள். காதில் விழுந்ததை வைத்துக்கொண்டு துணிந்து பேசுகிறார். அவரைப் பார்த்து அரங்கம் சிரிக்கிறது. எழுதிய ஷெரிடனோ பின்னாளில் நாடாளுமன்றம் போய், வங்காளத்தில் கவர்னர் ஜெனரலாக இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ், அவத் அரச குடும்பத்துப் பேகம்களுக்குச் செய்த கொடுமையைப் பற்றி 1787இல் ஐந்து மணி நேரத்துக்குமேல் பேசிப் பெயர் வாங்கியவர். இரண்டையும் ஒரே மனிதர் செய்தார் என்பது எனக்கு இன்னும் செரிக்கவில்லை. நம் நாடகங்களிலும் படங்களிலும்கூடச் சொல்லை மாற்றிச் சொல்லிச் சிரிக்க வைக்கும் வேலை பெரும்பாலும் வேலைக்காரருக்கும் கிராமத்து ஆளுக்கும் கிழவிக்கும்தான் கொடுக்கப்படுகிறது. வக்கீல் பாத்திரம் சொல் தடுமாறி நான் பார்த்ததாக நினைவில்லை.

கடைவாய்ப் பல்

வீடியோ போட்டு நான்கு மாதம் இருக்கும். அத்தைக்குக் கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையாகி, கன்னம் வீங்கிவிட்டது. பல் டாக்டரிடம் அழைத்துப் போனேன். உள்ளே ஒருவர்தான் போகலாம் என்றார்கள். நான் வெளியே ஒரு கும்பாபிஷேக நோட்டீஸின் புரூஃபைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பல்லைப் பிடுங்கி, பஞ்சைக் கடிக்கக் கொடுத்து அனுப்பினார்கள். அரை மணி நேரத்தில் நின்றுவிடும் என்றார்கள். வீட்டுக்கு வந்து பஞ்சை மாற்றினோம், மறுபடி மாற்றினோம். சாயங்காலம் ஏழு மணிக்கும் நிற்கவில்லை. எச்சிலோடு கலந்து வருகிறது, பெரிதாகத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தபோது தலையணை உறையைப் பார்த்தேன். அத்தை தைத்த உறை, ஓரத்தில் வெள்ளைப் பூப்போட்டது. பூக்கள் இருந்த இடம் தெரியவில்லை.

இரவு ஒன்பதரைக்கு மறுபடி ஓடினோம். டாக்டர் கடையை மூடிவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தவர், திரும்பி வந்து விளக்கைப் போட்டார். இரண்டு தையல் போட்டு, துணியை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டே என்னைக் கேட்டார்: "ரத்தம் உறையாம இருக்கறதுக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடறாங்களா?" ஆமாம், ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும், ஸ்டென்ட் வைத்திருக்கிறது என்றேன். அவர் காலையில் நிரப்பிய தாளை எடுத்துக் காட்டினார். வேறு மருந்துகள் என்ற இடத்தில் 'பிரஷர் மாத்திரை' என்று மட்டும் இருந்தது. "சொல்லியிருந்தா அப்பவே தையல் போட்டு, கொஞ்ச நேரம் உக்கார வச்சுப் பாத்துட்டு அனுப்பியிருப்பேன் சார்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால் எனக்கு இன்னும் பேச்சு வரவில்லை.

அன்று இரவு அத்தையால் வாயைத் திறக்க முடியாது. மறுநாள் காலை கஞ்சி ஆற்றிக் கொடுத்துவிட்டுக் கேட்டேன். ஏன் அத்தை சொல்லலை? முதலில் மறந்துவிட்டது என்றார். எனக்குத் தெரியும், மறக்கிறவர் இல்லை. நாற்பது வருடத்துக்கு முன்னால் தைத்த ரவிக்கையின் அளவைச் சொல்கிறவர். கொஞ்ச நேரம் கழித்து, கஞ்சியைப் பார்த்துக்கொண்டே, ஒரு பக்கக் கன்னத்தை அசைக்காமல் சொன்னார்: "பேரைக் கேட்டுச்சு அந்தப் பொண்ணு. சின்னப் பொண்ணு. நான் சொன்னா சிரிக்கும். நீயும் வெளியில உக்காந்துட்ட. எனக்குத்தான் அந்தப் பேரு வாயில வராதே தம்பி."

இதுதான். இதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. என்னைக் குறை சொல்லவில்லை. நான் வீடியோவைக் குழுவிலிருந்து எடுத்தேன். அதற்குள் அது எங்கெங்கோ போயிருந்தது, எடுத்து ஒன்றும் ஆகப் போவதில்லை. எடுக்கும் முன்பு ஒரு தடவை போட்டுக் கேட்டேன். முதல் தடவையாக அத்தை என்ன சொல்கிறார் என்று கேட்டேன். எந்த மாத்திரை எந்த வேளைக்கு, எது வெறும் வயிற்றில் ஆகாது, எதை விட்டால் என்ன ஆகும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றே நாளில் எல்லாம் துல்லியமாக மனதில் ஏற்றி வைத்திருந்தார். அந்த முப்பத்து நான்கு விநாடியில் ஒரே ஒரு சொல் தவறு. பத்தொன்பது வருடம் புரூஃப் பார்த்த என் காது அந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதையெல்லாம் கீழே போட்டிருக்கிறது.

பொறுமை இல்லாத கவர்னர்

சொல்லைக் குழப்பும் பாத்திரங்களைத் தேடி அதற்குப் பிறகு மறுபடி படித்தேன். ஷெரிடனுக்கு நூற்றெழுபது வருடத்துக்கும் மேல் முன்னால், ஷேக்ஸ்பியரின் ஒரு நாடகத்தில் டாக்பெரி என்று ஊர்க் காவல்காரர் ஒருவர் வருகிறார். அவர் வாயில் ஒரு சொல்கூட நேராக வராது. குற்றவாளியைப் பார்த்து, நீ நித்திய நரகத்துக்குப் போவாய் என்பதற்குப் பதிலாக நித்திய மீட்புக்குப் போவாய் என்று சபிப்பார். அவரையும் கல்லூரியில் கோமாளி என்றே படித்து வைத்திருந்தேன்.

கதையில் நடப்பது என்ன? ஒரு பெண்ணின் கல்யாணத்தைக் கெடுக்க அவள்மேல் பழி ஜோடிக்கிறார்கள். பிரபுக்கள் அதை நம்பிவிடுகிறார்கள். சதி செய்தவன் அதைப் பற்றிப் பேசுவதை ஒட்டுக்கேட்டு அவனைப் பிடிப்பது டாக்பெரியின் ஆட்கள்தான். கல்யாணத்தன்று காலை, பெண்ணின் அப்பாவான கவர்னரிடம் விஷயத்தைச் சொல்ல டாக்பெரியும் கூட்டாளியும் வந்து நிற்கிறார்கள். சொற்கள் தாறுமாறாக வருகின்றன. கவர்னருக்குக் கோயிலுக்குப் போகிற அவசரம். அலுப்பூட்டுகிறீர்கள் என்று அவர்களிடமே சொல்லிவிட்டு, நீங்களே விசாரித்துக்கொள்ளுங்கள் என்று கிளம்பிவிடுகிறார். அவர் மகளைக் காப்பாற்றும் செய்தி அவர் வாசலில் நிற்கிறது. சொல் சரியில்லை என்பதால் அது உள்ளே போகவில்லை. அடுத்த காட்சியில் அந்தப் பெண் மணமேடையில் அவமானப்பட்டு மயங்கி விழுகிறாள்.

பிடிபட்டவன் பின்னால் பிரபுக்களிடம் சொல்வான்: உங்கள் அறிவாளிகளால் கண்டுபிடிக்க முடியாததை இந்த முட்டாள்கள் வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். அந்த வரியில் முட்டாள்கள் என்ற சொல்லை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மருந்துப் பெயர்கள் பக்கமும் தேடிப் பார்த்தேன். அங்கே படித்தவர்களின் காதும் கண்ணும் எவ்வளவு தடுமாறியிருக்கின்றன என்று பார்த்தபோது ஆறுதலும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. வயிற்று அமிலத்துக்கான லோசெக் என்ற மாத்திரையை உடம்பில் நீரை இறக்கும் லாசிக்ஸோடு மருத்துவர்களும் மருந்துக் கடைக்காரர்களும் குழப்பிக்கொண்டதால், 1990இல் அமெரிக்காவில் லோசெக்கின் பெயரையே பிரிலோசெக் என்று மாற்றினார்கள். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் பிரின்டெல்லிக்ஸ், இதய நோயாளிகளுக்கு அத்தையின் மாத்திரையைப்போலவே ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் பிரிலின்டாவோடு குழம்பியது. 2016இல் அதையும் டிரின்டெல்லிக்ஸ் ஆக்கினார்கள். சாயலில் ஒத்துப்போகும் மருந்துப் பெயர்களில், மாறுபடும் எழுத்துகளை மட்டும் பெரிதாக அச்சிடும் வழக்கம்கூட இருக்கிறது. புரூஃப் பார்க்கிறவனாக அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். டாக்டர் குழம்பினால் பெயரை மாற்றுகிறார்கள், அது சரியான காரியம்தான். க்ளோபிடோக்ரெல் என்று அட்டையில் ஆங்கிலத்தில் மட்டும் அச்சடித்து ஒரு தையல்காரப் பெண்ணின் கையில் கொடுத்துவிட்டு, அவர் அதைப் பிசகாமல் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். சொல்லாவிட்டால் படம் பிடிக்கிறோம்.

நான் செய்த வேலை ஒன்றுதான். அச்சகத்தில் மிஞ்சிய கல்யாணப் பத்திரிகை அட்டையில் எல்லா மாத்திரையின் பெயரையும் தமிழில் பெரிய எழுத்தில் அச்சடித்து அத்தையிடம் கொடுத்தேன். ரவிக்கைத் துணி மிச்சத்தில் ஒரு சிறு பை தைத்து, கொக்கி வைத்து, அதில் போட்டு வைத்திருக்கிறார். "இருந்தாலும் உங்க வாயில எப்படி வருதோ அப்படியே சொல்லுங்க அத்தை, யாரு வேணா கேக்கட்டும்" என்று சொல்லியிருந்தேன். அவர் பதில் சொல்லவில்லை. அந்த மாத்திரையின் பெயரையே வீட்டில் அவர் சொல்வதில்லை. "அந்த ரோஸ்" என்பார்.

போன மாதம் இதய டாக்டரிடம் பரிசோதனை. வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் இல்லை, புதிதாக ஒரு பெண் டாக்டர். என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்கம்மா என்று கேட்டுவிட்டு எழுதத் தயாராகப் பேனாவைத் திறந்தார். அத்தை என்னைப் பார்த்தார். சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன். பையின் கொக்கியைக் கழற்றப் போனவர், கழற்றாமல் அப்படியே பிடித்துக்கொண்டார்.

"பிரஷருக்கு ஒண்ணு, கொழுப்புக்கு ஒண்ணு, ஆஸ்பிரின்" என்றார். கொஞ்சம் நிறுத்தினார். "அப்புறம் குலோப் ஜாமூன் மாத்திரை."

டாக்டர் தலையைத் தூக்கவில்லை. எழுதிக்கொண்டே, "க்ளோபிடோக்ரெல். எத்தனை எம்ஜிம்மா?" என்றார்.

"எழுபத்தஞ்சு. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணு. பல்லு புடுங்கினா முன்னாடியே சொல்லணும்."